மீதி இருபத்திரண்டு நிமிடம்

மீரா முகைதீனை நுரைச்சோலைச் சந்தையில் வெங்காயம் விற்கிறவராகத்தான் எங்களுக்குத் தெரியும். மன்னாரில் அவர் பெயர்பெற்ற உதைபந்தாட்ட வர்ணனையாளர் என்பதை அவர் மனைவி றஹ்மத் உம்மா சொல்லித்தான் அறிந்தோம்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் அவருடைய ஊர் அணிக்கும் பக்கத்து ஊர்க் கத்தோலிக்க அணிக்கும் ஆட்டம். ஆளுக்கொரு கோல். அறுபத்தெட்டாவது நிமிடத்தில் புலிகள் இயக்கப் பொடியன்கள் துவக்குகளை நீட்டியபடி மைதானத்துக்குள் வந்தார்கள். அவர் கையிலிருந்த மைக்கைப் பறித்து, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று அறிவித்தார்கள். படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய அந்த மனிதர் பிறகு மைக்கைத் தொடவேயில்லை. சொந்த மகளின் கலியாணத்திலும் மறுத்துவிட்டார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில், பக்கத்து ஊரான மாம்புரியிலிருந்து நிலானி என்ற பெண் இந்தக் கதையைக் கேள்விப்பட்டு அவரைத் தேடி வந்தாள். கொழும்பில் ஓவியம் படித்தவள். போரும் விளையாட்டும் பற்றி ஒரு கண்காட்சி செய்துகொண்டிருந்தாள்.

"அந்த மெச்சின்ர மீதிய நீங்க சொல்லோணும், நானா" என்றாள், அண்ணனை அழைப்பதுபோல.

"விளையாட ஆக்கள் எங்க மகள்? நாலு பேர் மௌத்து. உசிரோட இருக்கிறவங்க எங்கெங்கயோ."

"ஆக்கள் வேணாம். கிரவுண்டும் மைக்கும் நான் தாறன்."

மூன்று வாரம் இழுத்தடித்தார். கடைசியில் றஹ்மத் உம்மாதான், "நித்திரையில சொல்றத ஒரு நாளைக்கு வெளியால சொல்லுங்களேன்" என்றார்.

மாம்புரிக் கடற்கரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட வெறும் மைதானம். பந்துகூட இல்லை. இதெல்லாம் ஒரு கலையா என்று சிரித்துக்கொண்டுதான் நின்றோம். பின்னேரம் நாலரைக்கு அவர் தொண்டையைச் செருமினார்.

"அறுபத்தெட்டாவது நிமிடம். பந்து உசனாரிடம். வலப்பக்கத்தால் ஓடுகிறார் உசனார், ஒருவரை வெட்டிக் கடக்கிறார், இன்னொருவரை..."

உசனார் றஹ்மத் உம்மாவின் தம்பி. அகதி முகாமில் காய்ச்சலில் போனவன். றஹ்மத் உம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஓடுறான்" என்றார்.

எங்கள் தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. பந்து வருகிறதென்று கோட்டோரம் நின்ற பிள்ளைகள் பின்னால் விலகினார்கள். உசனார் அடித்ததை எதிரணிக் கோல்காப்பாளர் அல்பேட் பாய்ந்து பிடித்தபோது நானே தலையில் கைவைத்தேன். இருபத்திரண்டு நிமிடமும் எங்கள் கண் அந்தப் பந்தைவிட்டு விலகவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கொன்றாகவே முடிந்தது.

நிலானியின் கண் கலங்கியிருந்தது. "உங்கட டீமுக்கு ஒரு கோல் குடுத்திருக்கலாமே நானா?"

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அடிக்கல்லியே மகள். நான் கண்டதத்தானே சொல்லேலும்."

அடுத்த மாதம் மாம்புரிச் சுற்றுப்போட்டிக்கு வர்ணனை செய்யக் கூப்பிட்டார்கள். வெங்காயக் கடையை அரைநாள் பூட்டிவிட்டுப் போனார்.