வெறுங்கட்டம் விடாத அட்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோருக்கும் அது தெரியும். இரத்தப் பிறசர், நீரிழிவு, முன்னம் பிள்ளை தங்காதது என்று சிக்கலோடு வருகிற கர்ப்பிணிகளைப் பேறுவரைக்கும் வைத்துப் பார்க்கிற வாட்டு அது. பதினைந்து வருடமாக அங்கே தாதியாக இருக்கிறேன். அன்பாகச் சொன்னால் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடுவார்கள், பேசினால்தான் கேட்பார்கள் என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்தில் பேசுவதென்றால் ஏசுவது.

நான் அதிகம் ஏசியது துடிப்பு அட்டைக்காகத்தான். வயிற்றில் பிள்ளை துடிக்கத் துடிக்க, அந்தந்த மணிக்குரிய கட்டத்தில் தாய் கோடு போட வேண்டும். துடிப்புக் குறைந்தால் உடனே எங்களிடம் சொல்ல வேண்டும். சின்ன வேலை. அதைக்கூடச் செய்யாமல் போனில் நாடகம் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். வெறுங்கட்டத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று வாட்டே கேட்கக் கத்துவேன்.

என்னிடம் ஏச்சு வாங்காதவள் ஒருத்திதான். அச்சுவேலிப் பக்கத்து முன்பள்ளி ஆசிரியை. எட்டாம் மாதம். முதல் பிள்ளை இதே எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. இந்த முறை பிறசரும் ஏறியிருந்தது. அவளுடைய அட்டையில் கோடுகள் அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். நான் அதைத் தூக்கிப்பிடித்து மற்றவர்களுக்குக் காட்டுவேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

அன்று காலையும் காட்டுவதற்காகத்தான் எடுத்தேன். தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது. சுவர் மணிக்கூட்டில் பத்தரை. அன்றைய வரிசையில் பின்னேரம் ஆறு மணிக் கட்டம் வரைக்கும் கோடுகள் இருந்தன.

மணிக்கூட்டை இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை.

"பிள்ளை துடிக்குதோ?" என்று கேட்டேன்.

"நேற்றுப் பின்னேரத்திலையிருந்து குறைவு, மிஸ்ஸி. விடியத் தொடக்கம் ஒண்டும் தெரியேல்லை. வெறுங்கட்டம் விட்டா எல்லாருக்கும் முன்னாலை பேசுவியள் எண்டு..."

ஒரு நித்திரை கொண்டு எழும்பினால் துடிக்கும், துடித்தால் அட்டையும் சரியாகிவிடும் என்று நினைத்து, பின்னேரம் வரைக்கும் முன்கூட்டியே கோடு போட்டுவைத்திருக்கிறாள்.

ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்! டொப்ளர் கருவியை அவள் வயிற்றில் வைத்தபோது முதலில் இரைச்சல்தான் கேட்டது. இடத்தை மாற்றி மாற்றி வைத்தேன். அவள் கருவியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அடிவயிற்றின் இடப்பக்கத்தில் பிள்ளையின் இதயம் கேட்டது. ஓட வேண்டிய சத்தம் நடந்துகொண்டிருந்தது. டொக்டரைக் கூப்பிட நான் போட்ட சத்தம் பக்கத்து வாட்டுக்கும் கேட்டிருக்கும். கால் மணித்தியாலத்துக்குள் அவளைச் சிசேரியனுக்குத் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

திரும்பி வாட்டுக்கு வந்தால் எல்லோரும் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார்கள். இனி ஏசமாட்டேன், வெறுங்கட்டம் வெறுங்கட்டமாகவே இருக்கட்டும், பொய்க்கோடு போட்டவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்றேன். காங்கேசன்துறைப் பெண் ஒருத்தி, எனக்கு எதிர்வாய் கொடுக்கிற ஒரே ஆள், தன் அட்டையை நீட்டினாள்.

"என்ரையும் பொய்தான், மிஸ்ஸி."

அவளுக்குப் பிறகு இன்னும் நான்கு பேர் நீட்டினார்கள். இத்தனை நாளும் நான் கையெழுத்துப் போட்ட அட்டைகளில் எது உண்மை என்று எனக்கே தெரியாது. டொப்ளரைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக ஓடினேன். நல்லகாலம், ஐந்து பிள்ளைகளின் இதயமும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

தியேட்டரில் பிறந்தது பெண்பிள்ளை. அழவைக்கப் பெரும்பாடு பட்டார்களாம். கிருமி ஏதும் தொற்றியிருக்குமோ என்று இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள்.

மறுநாள் காலை தாயைப் பார்க்கப் போனேன். எந்த வாயால் மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். என்னைக் கண்டதும் அவள் தையல் நோவோடு எழும்பப் பார்த்தாள். பிள்ளைக்காக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் பிழிந்தெடுத்துக் குறிக்கும்படி அவளுக்குப் புது அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கோவிக்காதேங்கோ, மிஸ்ஸி. இதிலை ஒரு கட்டமும் வெறுமையா விடமாட்டன்."

மணி அப்போது ஒன்பது. பதினொரு மணிக் கட்டத்திலும் கோடு போட்டிருந்தாள்.