களி வேண்டாம், பிரெட் மட்டும்

டாக்டர், நீங்கள் சொன்னது பொய். இரண்டு நாளைக்கு மட்டும்தான் பிரெட் கொடுக்கச் சொன்னதாக என் மனைவியிடம் பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னீர்களே, அது பொய்.

உங்கள் சீட்டு என்னிடம் இருக்கிறது. ஒன்றல்ல, ஏழு. வயிறு சரியில்லை என்று வருகிற எல்லோருக்கும் நீங்கள் கிழித்துக் கொடுக்கிற அச்சடித்த சீட்டு. மூன்றே வரி. "களி வேண்டாம். பிரெட், ரஸ்க், பால் மட்டும். அடுத்து வரும்வரை."

இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும். எனக்கு அழகாக எழுத வராது. நான் மினி லாரி ஓட்டுகிறவன்.

முதலில் தெரிந்தது தொப்பூர் கணவாயில். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போய்க்கொண்டிருந்தேன். இறக்கத்தில் வயிறு கலக்கியது. அங்கே நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது. பின்னால் வருகிற கண்டெய்னர் மேலே ஏறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறக்கி, கடைகள் இருக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு ஓடினேன். தின்ற பரோட்டா சேரவில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே ஆனது. அதற்கடுத்த வாரமும்.

மூன்று மாதத்தில், ஆணியைச் சுட வைத்து இடுப்பு பெல்ட்டில் மூன்று புது ஓட்டை போட்டேன். பிறகுதான் தர்மபுரியில் உங்களிடம் வந்தேன்.

"காலைல இன்னா, களியா?" என்று கேட்டீர்கள்.

"ஆமாங்க சார். வூட்ல ராகிக் களிதான்."

"அதான். கல்லு மாதிரி வயித்துல கெடக்கும். நிறுத்து."

அவ்வளவுதான். சீட்டைக் கிழித்து என் மனைவி செல்வியின் கையில் கொடுத்தீர்கள்.

செல்வி அந்தச் சீட்டை அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்தாள். தினமும் காலையில் பிரெட்டின் ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் இருக்கிற வெள்ளையை மட்டும் பாலில் ஊறவைத்துக் கொடுப்பாள். ஓரம் கடினமாக இருக்கும், என் வயிறு தாங்காது என்று அதை அவளே தின்பாள். அவளுக்கு அப்போது காலைச் சாப்பாடே அந்த ஓரங்கள்தான்.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வாங்கி வருவதும் ஒரே பொருள்தான், பிரெட் பாக்கெட். நல்லம்பள்ளியில் இருக்கிற என் பெரியக்கா வாரம் தவறாமல் இரண்டு கொண்டுவருவாள். நான் இளைக்க இளைக்கப் பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள். அவர்கள் கூடக் கூட வீட்டில் பிரெட்டும் கூடியது. நான் இன்னும் இளைத்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. கோதுமையிலும் மைதாவிலும் செய்த எல்லாமே எனக்குப் பிடிக்கும்.

வண்டி ஓட்டப் பழகிய காலத்தில் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேக்கரி இருந்தது. மாலை நான்கு மணிக்குத் தேங்காய் பன் சூடாக வரும். கடித்தால் உள்ளே இருக்கிற சர்க்கரைப் பாகு முழங்கை வரை வழியும். லைசென்ஸ் கிடைத்த அன்று ஒரே மூச்சில் நான்கு தின்றேன். இன்றைக்கும் லைசென்ஸ் என்றால் எனக்கு அந்தப் பாகுதான் நினைவுக்கு வருகிறது.

கணவாயில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்தால் ஐந்து மணி நேரம் நகர முடியாது. அப்போது எங்களுக்குச் சோறு போட்டது பரோட்டாக் கடை. முகம் தெரியாத டிரைவர்களோடு ஒரே இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தின்றிருக்கிறேன்.

பட்டர் பன்னும் உண்டு. மகள் பிறந்த அன்று செல்வி முதலில் கேட்டது அதைத்தான். "ஏங்க, டீல தொட்டுத் தின்ன ஒரு பன்னு வாங்கியாங்க" என்றாள். வாங்கி வந்து பாதியை நான் தின்றுவிட்டேன். அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. இப்போது சொல்வதில்லை.

மூன்று வருடத்தில் ஏழாவது தடவையாக உங்களிடம் வந்தபோது படி ஏற முடியாமல் செல்வி தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. "சார், பிரெட்டு தவிர ஒண்ணும் குடுக்கறதில்லிங்க. இன்னும் எளைக்கறாருங்க" என்றாள் செல்வி. நீங்கள் என்னைப் பார்த்து, "தண்ணி போடுறியா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். நம்பவில்லை. அதே சீட்டு.

அடுத்த வாரம் தக்காளி மண்டியில் மயங்கி விழுந்தேன். சேலம் கொண்டுபோனார்கள். ஹீமோகுளோபின் (ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும், இரும்புச் சத்துள்ள புரதம்) ஐந்துக்கு வந்திருந்தது. ரத்தம் ஏற்றினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகளை விடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலைல எந்திரிச்சதுலேர்ந்து படுக்கற வரைக்கும் இன்னா இன்னா சாப்புடறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

செல்விதான் சொன்னாள். வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். காலையில் பிரெட், பதினொரு மணிக்கு ரஸ்க், மதியம் பிரெட், மாலையில் கோதுமைக் கஞ்சி. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரத்தம் எடுத்தார்கள். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) செய்து, பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். சீலியாக் நோய் என்று வந்தது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற பசைப் புரதம் (குளூட்டன்) உள்ளே போனால் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்ளும். சத்தை உறிஞ்சுகிற பகுதி தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். வடக்கே அதிகம், நம் பக்கம் குறைவு, ஆனால் வராது என்பதில்லை என்றார். ராகியும் அரிசியும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்.

"களி, சாப்புடலாங்களா?" என்று கேட்டாள் செல்வி.

"தாராளமா."

செல்வி என் மரத்த விரல்களைப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான்தான் குடுத்துக் கெடுத்தேனுங்களா?" என்றாள்.

"நீங்க இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. செல்வி காதில் அது ஏறவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தால், சோதனை முடியும் முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். நோய் என்று தெரிந்த பிறகு ஒரு துணுக்குக்கூட ஆகாது. ரவை, சேமியா, சத்து பானம் எதுவும் கூடாது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா கலக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியவே நான்கு மாதம் ஆனது. பிள்ளைகளுக்கும் சோதனை செய்யச் சொல்வார்கள், செய்யுங்கள். என் மகளுக்கு இல்லை.

மெதுவாகத் தேறினேன். ஆறு மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை பின்னால் போனது. மூன்றாவது இன்னும் போகவில்லை. விரல் மரப்பு பாதிதான் போனது.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தோம், டாக்டர். சண்டை போட வரவில்லை. அடுத்தவனுக்காவது உதவட்டும் என்றுதான் வந்தோம். நீங்கள் டோக்கன் ஹாலில் நின்றபடியே ரிப்போர்ட்டைப் புரட்டினீர்கள். செல்வியைப் பார்த்து, "நான் ரெண்டு நாளைக்குத்தானம்மா சொன்னேன்? நீ வருசக் கணக்குல குடுத்தா நான் என்ன பண்றது?" என்றீர்கள்.

செல்வி, "ஆமாங்க சார்" என்றாள்.

அந்த ஹாலில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நாங்கள் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி நல்லம்பள்ளிக்குப் போய்விட்டது.

போன மாதம் பெரியக்காவின் பேரனுக்குக் காதுகுத்து. பந்திக்கு முன்னால் செல்வி சமையல்காரரிடம் போய், ரசத்தில் என்ன பெருங்காயம் போட்டார் என்று கேட்டாள். பெரியக்கா எல்லோர் எதிரிலும் சொன்னாள்: "இப்ப கேக்கறவ அப்ப கேட்டிருக்கணும். என் தம்பிய ரொட்டி போட்டே உருக்கிட்டா."

"வாரா வாரம் ரெண்டு பாக்கெட்டு தூக்கினு வந்தியே, அதுல இன்னாக்கா இருந்துச்சு, வைரமா?" என்றேன்.

சமையல்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "நான் வாங்கியாந்தேன். ஊட்டுனது அவ. டாக்டரு ரெண்டு நாளைக்குன்னுதான் சொன்னாராம்ல? இல்லேன்னு அவரு வாயால சொல்லட்டும், ஒத்துக்கறேன்."

சீட்டைக் காட்டினேன். "சீட்டு பேசுமா?" என்றாள். செல்வி அன்று சாப்பிடவில்லை.

எனக்கு நேரம் இப்போது சாப்பாட்டில்தான் ஓடுகிறது. வெளியே ஒரு வாய் வைத்தால் மூன்று நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். அந்த மூன்று நாளும் உடம்பு என்னுடையது இல்லை, வாடகைக்கு எடுத்த வண்டி மாதிரி. எந்தச் சத்தம் கேட்டாலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறேன். இதற்குப் பழகிவிட்டேன். செல்வி பழகவில்லை. பேக்கரி வாசனை வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். ஓரங்களைத் தின்று வயிற்றை நிரப்பியவள் அவள்.

உங்களுக்கு இந்த நோய் தெரியாமல் இருந்தது குற்றம் இல்லை, டாக்டர். ஏழு தடவை வந்தும் கேட்காமல் விட்டதைக்கூடக் கூட்டம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவள் தலையில் போட்டதை விட மாட்டேன்.

வருகிற திங்கட்கிழமை காலை, டோக்கன் கொடுக்கிற நேரத்துக்குச் செல்வியையும் பெரியக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஏழு சீட்டும் கையில் இருக்கும். எங்களை உள்ளறைக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் ஹாலுக்கு வாருங்கள். அன்றைக்குப் பேசிய அதே குரலில், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி, மூன்றாவது வரியை வாசியுங்கள். பிறகு செல்வியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்: இரண்டு நாள் என்று அதில் எங்கே இருக்கிறது?