டவர் கிடைக்கும் தூரம்

மதிப்பெண் இருந்தால் கல்லூரி தானாகக் கிடைக்கும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். என் அக்காவுக்கு மதிப்பெண் இருந்தது. கலந்தாய்வில் சீட்டும் வந்துவிட்டது. மாலை ஐந்துக்குள் கணினியில் சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் போனுக்கு ஓடிபி வரும். அந்தப் போன் நடுக்கடலில் இருந்தது.

எங்கள் காசிமேட்டில் எந்த விண்ணப்பம் என்றாலும் அப்பா நம்பர்தான். அப்பா இருக்கும்போது அம்மா நம்பரைக் கொடுப்பது அவருக்கு மரியாதை இல்லை. அந்த அப்பா விசைப்படகில் ஏறினால் கரை திரும்ப ஒரு வாரம் ஆகும் என்பதை அன்று யாரும் நினைக்கவில்லை.

அக்கா பிரவுசிங் சென்டரில் அழுதுகொண்டிருந்தாள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு படகு ஓனர் வீட்டுக்குப் போனாள். கடலில் இருப்பவர்களோடு பேச அங்கேதான் வயர்லெஸ் இருந்தது.

"இன்னாமா, ஒரு நம்பருக்கா கடல்ல கீற போட்டத் திருப்ப சொல்ற? டீசல் இன்னா உன் மாமியார் வூட்டு சீதனமா?"

"போட்டு உன்னுதுதான் அண்ணே. பொண்ணு என்னுது. கேட்டு மட்டும் பாரு."

முனகிக்கொண்டே கூப்பிட்டார். படகு டிரைவரின் குரல் கரகரத்தது. "இப்பதான் வல வுட்டோம். மீனு நல்லா கீது."

அம்மா விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். படகில் இருந்தவர்கள் தங்களுக்குள் என்ன பேசினார்களோ.

"சரி, வலய தூக்கறோம். டவர் கெடைக்கற தூரத்துக்கு வந்துடறோம். பாப்பாவ ரெடியா இருக்க சொல்லு."

"நாசமா போங்க" என்றார் ஓனர். ஆனால் தடுக்கவில்லை.

சென்டருக்கு ஓடினோம். ஐந்து அடிக்கப் போகும் நேரத்தில் அம்மா போனில் அப்பா கூப்பிட்டார்.

"மெசேஜ் மடமடன்னு வந்து வுழுதும்மா. எல்லாம் இங்கிலீஷு. இதுல எது?"

"கடைசியா வந்தது, நைனா! நம்பர மட்டும் படி!"

படித்தார். சீட்டு உறுதியானது.

படகு திரும்பியபோது அப்பா கொண்டுவந்தது கொஞ்சம் காரப்பொடி, விலைபோகாத பொடிமீன். வஞ்சிரம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாரே என்று நான் தட்டைத் தள்ளிவிட்டேன். கூடப் போனவர்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்று, "பாப்பாவுக்கு சீட்டு கெடச்சிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவர்களுக்கு ஏன் எங்கள் வீட்டு வம்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர்கள் வீட்டுக் குழம்பிலும் அன்று காரப்பொடிதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.