தைக்காத ரவிக்கைத் துணிகள்

எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் நூற்றுக்கும் மேல் ரவிக்கைத் துணிகள் இருந்தன. ஒன்றுகூட நான் வாங்கியதில்லை. நவராத்திரி, கல்யாணம், வளைகாப்பு என்று போன இடத்திலெல்லாம் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்தவை. இதை யாரும் ரவிக்கையாகத் தைக்கப் போவதில்லை என்று கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். எந்தப் புடவைக்கும் சேராத நிறம். ஒரு தடவை நனைத்தால் சாயம் முழுக்க வாளியில். அடுத்த நவராத்திரிக்கு அது இன்னொரு வீட்டுக்குப் போகும், அங்கிருந்து வேறொரு வீட்டுக்கு. ஸ்ரீரங்கத்தில் ஒரு துணி எத்தனை வீடு சுற்றியது என்பது அந்தத் துணிக்குத்தான் வெளிச்சம். யார் கொடுத்தது என்று ஒரு சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்தி வைப்போம். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்துவிடக் கூடாதே. அந்த மானக்கேடு எனக்கு ஒரு தடவை நடந்திருக்கிறது.

என் கணவர் ஒரு சித்திரையில் இறந்தார். அந்தப் புரட்டாசியோடு எனக்குத் துணி வருவது நின்றது. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. "இந்தக் காலத்துல யாருங்க இதெல்லாம் பாக்கறாங்க" என்று துக்கம் விசாரிக்க வந்தபோது சொன்னவர்கள்தான், நவராத்திரி ஒன்பது நாளும் என் கதவைத் தாண்டிப் போய் எதிர்க் கதவைத் தட்டினார்கள். என் கையால் வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லாமல் போயிற்று.

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். எதிர் வீட்டுக்காரி என்னைவிட நான்கு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். இருபத்திரண்டு வருடம், ஒரு நவராத்திரி தவறாமல் எனக்கு வைத்துக் கொடுத்தவள். என் கணவர் தென்னூரில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும் அவள்தான். அவளும் என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடமும் கூப்பிடவில்லை. மற்றவர்கள் போகட்டும், அவள் கூப்பிடாததுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தத் தை மாதம் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். 'எதிர் வீடு' என்று சீட்டுக் குத்தியவை இருபத்திரண்டும் இருந்தன. அவள் கொடுத்ததை மட்டும் நான் சுற்றுக்கு விட்டதில்லை. பிரியம் என்று சொல்லிக்கொள்ளலாம்; எதிரிலேயே இருப்பவள், யார் வீட்டிலாவது பார்த்துவிடுவாள் என்ற பயமும்தான். இத்தனையையும் ஒரே போர்வையாகத் தைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அது கோபம்தான். அறுபத்திரண்டு வயதில் கோபத்தைக்கூட உட்கார்ந்து மெதுவாகத்தான் தைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒவ்வொன்றையும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, இளகுகிற சாயத்தை இளகவிட்டேன். காலண்டர் அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு நறுக்கினேன். சதுரங்களை மெஷினில் இணைத்தேன். அடிப்பக்கத்துக்குப் பாலக்கரையில் பழைய புடவை விற்கிற பாயிடம் போனேன். பளபளப்பான ஒன்றை நான் எடுத்ததும் அவர், "அது வேணாம்மா, ஊசி எறங்காது. நல்லா ஒழைச்ச நூல் சேலையா பாத்து எடுங்க" என்றார். யாரோ உடுத்தி உடுத்தி மெலிந்துபோன ஒரு நீலச் சேலை கிடைத்தது. நடுவில் வைக்க வெளியிலிருந்து எதுவும் வாங்கவில்லை. என் கணவருடைய எட்டு முழ வேட்டிகள் நான்கு இருந்தன.

"திருச்சி வெயிலுக்குப் போர்வையாம்மா?" என்று சென்னையிலிருந்து மகள் போனில் சிரித்தாள். போர்த்திக்கொள்ள இல்லை, விரித்துக்கொள்ள என்றேன்.

எல்லா அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போடுவதுதான் உயிரை வாங்கியது. நாலு விரற்கடை தைத்தால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் ஊசியைத் தொடவே மாட்டேன். தூங்கினால் போகிற களைப்பு இல்லை இது, காலையில் எழுந்தால் கூடவே எழுந்து வரும். ஆடி முடிவதற்குள் ஒரு மூலை தவிர எல்லாம் தைத்துவிட்டேன். அந்த மூலைக்குக் கை ஏறவில்லை. போதும், இது வீட்டைவிட்டுப் போனால் சரி என்று அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் ஹாலில் விரித்துப் பார்த்தாள். "எவ்வளவு அழகா இருக்குக்கா!" என்றாள். ஓர் ஆரஞ்சுச் சதுரத்தின் மேல் விரலை வைத்தாள். "இது நான் குடுத்தது மாதிரி இருக்கே?"

"எல்லாமே நீ குடுத்ததுதான்" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "காபி போடட்டுமாக்கா?" என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி நிம்மதி என்று நினைத்தேன். முதுகுவலிதான் வந்தது.

பிறகு புரட்டாசி, அவர் இல்லாத மூன்றாவது நவராத்திரி. ஐந்தாம் நாள் சாயங்காலம் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். எதிர்க் கதவும் திறந்திருந்தது. கொலுப் படிக்கு முன்னால், எப்போதும் ஜமக்காளம் விரிக்கிற இடத்தில், என் போர்வை கிடந்தது. அதன்மேல் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் வேட்டிகள் மேல் இத்தனை சுமங்கலிகள். அவர் இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது ஒருத்தி கேட்டாள், "இந்த விரிப்பு நல்லா இருக்கே, எங்கங்க வாங்கினீங்க?"

எதிர் வீட்டுக்காரியின் குரல் வந்தது. "ஏதோ எக்ஸிபிஷன்லங்க."

எழுந்தேன். மூக்குக்கண்ணாடி, ஊசி டப்பா, நூல்கண்டு எடுத்துக்கொண்டு நடந்து போய் அவள் வாசலில் நின்றேன்.

"ஒரு மூலையில தையல் பாக்கி இருக்கு. முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

மூலையில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. எதிர் வீட்டுக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"அக்கா தைச்சதுதான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் எழுந்து உள் அறைக்குப் போனாள். நான் தைத்து முடிக்கும்வரை வரவில்லை. முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கையில் ஒரு தாம்பூலப் பையோடு என் முன்னால் நின்றாள். குங்குமச் சிமிழ் கொலுப் படியிலேயே இருந்தது. அது உறுத்தவில்லை என்று எழுதினால் பொய். இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பையைக் கொட்டினேன். வெற்றிலை பாக்குக்கு அடியில் ஒன்றல்ல, மூன்று ரவிக்கைத் துணிகள். மூன்றிலும் சீட்டு, அவள் கையெழுத்தில் 'அக்காவுக்கு' என்று. பக்கத்தில் வருடம்: இந்த வருடம், போன வருடம், அவர் இறந்த வருடம். எனக்கென்று எடுத்து வைத்துவிட்டு, கொடுக்கத் தைரியம் இல்லாமல் அவளும் பீரோவைத் திறந்து திறந்து மூடியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. தைரியமில்லாதவளே என்று திட்டவும் செய்தேன்.

முதல் வருடத்துத் துணியில் குண்டூசி துருப்பிடித்திருந்தது. கழற்றியதும் துணியில் பழுப்பாக ஒரு புள்ளி. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.