நான் தேய்த்துக் கழுவிய பல்

பசுமலை இறக்கத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த என் பதினான்கு வயது மகளுக்கு முன்பல் ஒன்று வேரோடு கழன்றுவிட்டது. அவளே அதை எடுத்து ஈறில் பொருத்தி, விரலால் அழுத்திப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள்.

“மண்ணுல கெடந்ததப் போயி வாயில வைக்கிறியே, கழுத!” என்று பிடுங்கினேன். பல்பொடி போட்டு, வேர் வெளுக்கும்வரை பிரஷ்ஷால் தேய்த்து, பஞ்சில் பொதிந்து, அவளையும் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

“இத யாரு இம்புட்டு தேய்ச்சது? வேர் மேல இருந்த சவ்வே போச்சு. விழுந்ததும் அப்படியே ஈறுல வச்சிருந்தா ஒட்டியிருக்கும்” என்றார் அவர்.

“நாந்தான் சார்” என்றாள் மகள், என்னைப் பார்க்காமல். நான் வெறும் பஞ்சை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நாட்குறிப்பில் ‘சைக்கிளிலிருந்து விழுந்து மகளுக்குப் பல் போயிற்று’ என்று எழுதினேன். பஸ் வந்த நேரத்தைக்கூட நிமிடம் பிசகாமல் எழுதுகிறவன், அந்த வரியை இன்னும் திருத்தவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சிரிக்கும்போது மட்டும் கையால் வாயை மறைத்துக்கொள்கிறாள்.