செல்வி அக்கா ஓரம் கட்டிய ஞாயிறு

செய்தி காலையில் வந்தது. செல்வி அக்காவின் அண்ணன் பேசினார். சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி ஓட்டுபவர். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகியவர். அன்று அவர் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"மக்கா, செல்வி எந்திரிக்கல."

பின்னால் தறிச் சத்தம் இல்லை. அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கிறது. வயது முப்பத்தெட்டு.

நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் உங்களில் பலர் அவரைப் பார்த்ததில்லை. கணினியில் கார் பந்தயம் ஓட்டும் நமக்கு ஒருவரையொருவர் தெரிவது காரின் பின்பக்கமாகத்தான். சிவப்புக் கார், எண் பதினொன்று. அக்கா மைக்கைத் திறந்ததே இல்லை. ஷார்ஜாவிலிருந்து பந்தயங்களை நடத்தும் காதர் அண்ணன், கடையநல்லூர்க்காரர், ஒரு வருடம் அவரை 'அண்ணாச்சி' என்றே எழுதிக்கொண்டிருந்தார். அக்கா திருத்தவில்லை. ஏன் என்று பின்னாளில் நான் கேட்டதற்குச் சொன்னார்:

"இருந்துட்டுப் போட்டும். அண்ணாச்சின்னா கொஞ்சம் வழி விடுதான்."

எண் பதினொன்று என் ஊர்க்காரர் என்று காதர் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பியிருந்தேன், உங்கள் பந்தயங்களைப் பார்த்து எனக்கும் ஓட்ட ஆசை. வாங்க வேண்டியவற்றை எல்லாம் செல்பேசியில் எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்டியரிங், பெடல், பந்தய இருக்கை, வளைந்த திரை. அக்கா படித்தார்.

"என்னலே இது, கல்யாணச் சீர் லிஸ்ட்டா?"

அவர் ஓட்டிய இடத்தைக் காட்டினார். தறிக்கூடத்தை ஒட்டிய அறை. அண்ணன் மகன் கல்லூரியில் வைத்திருந்த பழைய கணினி. தையல் மெஷின் மேசை. அதன் விளிம்பில் முறுக்கிப் பூட்டிய, யாரோ ஓட்டித் தேய்த்த ஸ்டியரிங். பிளாஸ்டிக் நாற்காலி. பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடும் என்பதால் அதன் முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டா குழுவில் எல்லோரையும் முந்தினார் என்று நின்றேன்.

"மொதல்ல கீபோர்டுல ஓட்டு. ரோட்ட விட்டு எறங்காம பத்து சுத்து வந்தியன்னா ஸ்டியரிங் வாங்கு. பழசே போதும். மிச்சத்த பிரேக்குக்கு வை."

"ஏன் பிரேக்குக்கு?"

"போறதுக்கு எவனும் சொல்லித் தர வேண்டாம்லே."

மலிவான பெடலில் பிரேக் தொளதொளவென்று இருக்கும். எவ்வளவு மிதித்தோம் என்று காலுக்குத் தெரியாது. அக்கா அதற்கடியில் ஒரு ரப்பர் துண்டை வைத்திருந்தார். தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா பாய்ந்து வந்து மோதும் இடத்தில் போடும் தடித்த ரப்பர். தேய்ந்துபோனதை வெட்டிச் செருகியது. மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. நாற்காலி சுவரில் இடித்தது.

"வீட்ட இடிச்சிராத. எங்கண்ணன் என்னிய வெளிய அனுப்பிருவான்."

அந்தப் பத்து சுற்றுகளுக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது.

அவர் ஓட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது ஒரு அனுபவம். கைகள் அசைவதே தெரியாது. கண் எப்போதும் அடுத்த வளைவுக்கு அப்பால். பதினோரு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். "வலிப்பு வந்துச்சு, விட்டுட்டேன்" என்பதற்கு மேல் சொன்னதில்லை. பிறகு அண்ணனின் தறிகளுக்குத் தார் சுற்றினார், நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழல்களில் நூல் ஏற்றும் வேலை. திரையால் அவருடைய நோய்க்குக் கெடுதல் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பகலில் மட்டும், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் உட்கார்வார். உலகத்தில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஓட்டுநர் இருக்கை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி.

போன ஆடி. நம் போட்டிப் பருவத்தின் கடைசிப் பந்தயம். அக்காவும் நானும் ஒரே அணி. அவர் மூன்றாவதாக வந்தால் நாங்கள் மேல் பிரிவுக்குப் போவோம். அதை என்னைவிட அவர்தான் விரும்பினார். இரண்டு வாரமாகத் தார் சுற்றப் போகுமுன் தினமும் பயிற்சி. என் கார் ஐந்தாவது சுற்றிலேயே சுவரில் மோதி முடிந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். இன்னும் நான்கு சுற்று. அக்கா மூன்றாவது. ஒட்டினாற்போல் பின்னால் இரண்டு கார்கள்.

வெளியே காற்று. கம்பத்தில் இணைய வயர் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. திரையில் முன்னால் போன கார் ஒரு கணம் மறைந்து, தள்ளி முளைத்தது.

அக்கா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். புல்லில் இறக்கி நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் கடந்துபோனார்கள்.

"என்னக்கா பண்ணுதீங்க! ஓட்டுங்க!"

"நெட்டு ஆடுது. அவன் ஸ்கிரீன்ல நான் எங்கன இருக்கேன்னு எனக்குத் தெரியாது."

"விளையாட்டுதான! யாரு சாவப் போறா?"

இணைப்பு சீரானதும் மறுபடி ஓட்டினார். ஒன்பதாவதாக முடித்தார். கணினியை அணைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அன்னைக்குப் பிள்ளைகளை எல்லாம் எறக்கிட்டு வாரேன். ரயில்வே கேட்டு பூட்டியிருந்துச்சு. நிறுத்துனேன். அப்புறம் பாத்தா கேட்டு தெறந்து கெடக்கு, பின்னால ஹாரன் அடிக்கான். ரயில் போனதே எனக்குத் தெரியாது."

"யாரும் பாக்கலையா?"

"யாரு பாத்தா? தூங்கிட்டேன்னு ஏசிட்டுப் போனான். ஒரு ஆட்டோக்காரரக் கூப்பிட்டு வண்டிய ஓரமாத் தள்ளச் சொன்னேன். ஓரத்துக்குக்கூட நான் ஓட்டல. சாவிய எடுத்துட்டு ஓனர் வீட்டுக்கு நடந்தேன். நாளையிலருந்து வேற ஆள் பாருங்கன்னேன்."

அவருக்கு அப்போது வேறு வேலை தெரியாது. கேட்டால் ஒரு மயக்கம் என்று சொல்லியிருக்கலாம். கேட்கவும் யாரும் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டதாக நினைவிருந்தால் நன்றாக இருக்கும்.

நண்பர்களே, காரியம் முடிந்த மறுநாள் ரயில்வே கேட்டிலிருந்து அந்த வேன் உரிமையாளர் வீடு வரை நடந்தேன். வெயில். பஞ்சர் கடை, சர்பத் கடை, மருந்துக் கடை, ஒரு வேப்ப மரம். நின்று யோசிக்க எல்லா இடத்திலும் நிழல் இருக்கிறது. திரும்பிவிடத் தெருக்கள் இருக்கின்றன. திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தூரத்தை. இருபது நிமிடம் ஆனது. அவருக்கு இன்னும் நீளமாக இருந்திருக்கும். அவர் கையில் சாவி இருந்தது.