திருப்பிப் போட்ட இலை

அன்று பூங்காவனத்துக்கு வந்த கோபத்தில் அடுப்பில்லாமலே உலை கொதித்திருக்கும். பின்னே என்ன? செங் ஊரிலிருந்து வந்திறங்கிய நாத்தனார் பாக்கியலட்சுமி, தம்பியின் வேட்டி சட்டையை மூட்டை கட்டுகிறாள். "புருஷனப் பட்டினி போடுறவகிட்ட என் தம்பிய விட்டுவைக்க மாட்டேன்!"

காஜா பெராங் வட்டாரத்தில் கடைப் பலகை எழுத அவள் புருஷன் பொன்னுதுரையை விட்டால் ஆள் கிடையாது. மெர்டேக்கா சுதந்திர நாள் வளைவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவர், ஏணியடியில் சுருண்டு விழுந்தார். பிழைத்தார், இடக்கை மட்டும் தொங்கிப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததிலிருந்து சாப்பாட்டில்தான் சண்டை. இலையில் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நுனி இடப்பக்கம், உப்பு, ஊறுகாய், பொரியல் அந்தப் பக்கம். முறை பிசகாமல்தான் பரிமாறினாள். மகராசன் வலப்பாதியை வழித்துத் தின்றுவிட்டு, "பொரியல் எங்கடி?" என்று கத்துவார். வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறார் என்று இவளும் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பூ வரையச் சொன்னார். வலப்பக்கம் மட்டும் இதழ் போட்டுவிட்டு, "முழுப் பூ சார்," என்றார் பொன்னுதுரை.

"கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. அடி பட்டது மூளையில. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தோணாது," என்றார் டாக்டர்.

இதை நாத்தனாரிடம் சொன்னால்? "டாக்டர் சொன்னாராம்! நல்லாக் கதை விடுற!"

"அக்கா, உப்புகூட வைக்கிறதில்லக்கா இவ," என்று இலை முன்னால் உட்கார்ந்து இவர் வேறு அழுகிறார். உப்பிட்டவளுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

பூங்காவனம் பென்சிலும் தாளும் கொண்டுவந்து வைத்தாள். "என்ன வச்சேன்னு வரைஞ்சு காட்டுங்க."

வரைந்தார். கோடு கொஞ்சமும் நடுங்கவில்லை. பாதிச் சோறு, பாதி இலை. நுனியும் இல்லை, உப்பும் இல்லை.

"பாத்தியா? என் தம்பி கை பொய் சொல்லாது!" பாக்கியலட்சுமி தாளைத் தூக்கி ஆட்டினாள். தரையில் கிடந்த இலையைக் குனிந்து பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

பூங்காவனம் குனிந்தாள். இலையை இரண்டு கையாலும் பிடித்து, நுனி வலப்பக்கம் வர அப்படியே திருப்பினாள்.

"அடிப்பாவி! உயிரோட இருக்கிறவனுக்குக் கருமாதி இலையா போடுற?"

"ஆமாண்ணி! முறையா போட்ட இலையில பட்டினி கிடந்தாரே, அப்ப எங்க போச்சு உங்க சாஸ்திரம்? இப்பப் பாருங்க!"

பொன்னுதுரையின் கை நேராக உப்புக்குப் போயிற்று. பிறகு ஊறுகாய். பொரியலை அள்ளி அள்ளித் தின்றார். பாக்கியலட்சுமி கையிலிருந்த மூட்டையை மெல்ல இறக்கி வைத்தாள்.

வாய் நிறையச் சோற்றோடு அவர் நிமிர்ந்தார். "பாத்தியாக்கா? நீ வந்தாத்தான் எனக்குப் பொரியல் வைக்கிறா."

கரண்டியை அவர் தலையிலேயே போடலாம் போல வந்தது பூங்காவனத்துக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள், வலப்பக்கமாக.